பரீட்சைப் பயமும் பரிகாரப் புரட்டும்

பரீட்சைக் காலம் வந்துவிட்டால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பேனாவுக்கும் ஹால் டிக்கெட்டுக்கும் அர்ச்சனை நடக்கிறது. பேனா தானாகப் பரீட்சை எழுதப் போவதில்லை. எழுதப் போகிற பிள்ளையோ தூக்கமின்றி, பசியின்றி, யாரிடமும் வாய் திறவாமல் கிடக்கிறான். பெற்றவர்கள் "சனி திசை" என்று ஜோசியனிடம் இழுத்துப் போகிறார்களேயொழிய, "உனக்கு என்னப்பா கஷ்டம்?" என்று உட்கார்ந்து கேட்பவர் எத்தனை பேர்?

இது விளையாட்டுச் சங்கதியல்ல. 2022-ஆம் ஆண்டில் மாத்திரம் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகச் சர்க்கார் கணக்கே சொல்லுகிறது. அடையாற்றுப் பக்கத்து ஐ.ஐ.டி.யிலும் 2023-இல் இத்தகைய சாவுகள் அடுத்தடுத்து நேர்ந்தன. நாடெங்கும் பொறுக்கியெடுத்த புத்திசாலிகளுக்கே இக்கதியென்றால், குற்றம் பிள்ளைகளின் மூளையிலா இருக்கிறது?

பிறப்பைக் கொண்டு மனிதனை மேல், கீழ் என்று பிரித்த அதே புத்திதான் இன்று மார்க்கைக் கொண்டு பிரிக்கிறது. கிராமத்தில் தமிழில் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டணத்துக் காலேஜுக்கு வந்த பிள்ளை, இங்கிலீஷில் நடக்கும் பாடம் விளங்காமல் இரண்டு அரியர் வைத்துவிட்டால், "எனக்கு மூளையில்லை" என்று தன்னையே இழிவாக நினைத்துக்கொள்கிறான். இந்த இழிவு நினைப்பே சுயமரியாதைக்கு முதல் விரோதி.

தலையெழுத்தை மாற்ற முடியாதென்பது புரோகிதன் வாதம். மனிதன் போட்ட விதியை மனிதன் மாற்றலாம் என்பது நம் வாதம். பள்ளி இறுதிப் பரீட்சையில் தவறினால் ஓராண்டு வீணாகும் என்றிருந்த வழக்கத்தை மாற்றி, சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாமென்று இந்நாட்டில் ஏற்பாடு செய்யவில்லையா? அதை வற்புறுத்தியவர்களில், 1986-முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக உழைத்துவரும் ஸ்நேகா சங்கமும் ஒன்று. எந்த அர்ச்சனை இக்காரியத்தைச் செய்தது?

நூறு மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு கல்வி ஸ்தாபனமும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் வைக்கவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2025 ஜூலையில் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் ஊர்க் காலேஜில் அவர் இருக்கிறாரா, இல்லையா? பெற்றோர்களே, போய்க் கேளுங்கள்.

மாணவத் தோழர்களே! காய்ச்சலுக்கு டாக்டரிடம் போக வெட்கப்படாத நீங்கள் மனக்கஷ்டத்தைச் சொல்ல ஏன் வெட்கப்படவேண்டும்? நண்பனிடம் சொல்லுங்கள், வாத்தியாரிடம் சொல்லுங்கள், 14416 என்ற சர்க்கார் எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம். மார்க்கு என்பது ஒரு நாள் மூன்று மணி நேரத்தில் எழுதியதற்குப் போட்ட கணக்கு. அது மனிதனுக்குப் போட்ட விலையல்ல.