இஞ்சின் நின்ற பிறகு

வணக்கம் நேயர்களே... மன்னிக்கவும், வாசகர்களே! மைக் முன்னால் உட்கார்ந்தே பழகிய வாய். பேனா பிடித்தாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

போன வருடக் கடைசியில் என் வீட்டுக்கு இரண்டு வயதான விருந்தாளிகள் வந்தார்கள். ஒருவர் இரண்டரை அடி நீளம், ஆறு கம்பிகள், கழுத்தோரம் வார்னிஷ் உரிந்த மரக்கட்டை. மற்றவர் பழைய வானொலிப் பெட்டி மாதிரி, முன்பக்கம் சாம்பல் துணி போர்த்திய ஓர் ஒலிபெருக்கி. ஒன்று ஹவாய் கித்தார், இன்னொன்று அதன் அம்பிளிஃபையர். இரண்டும் 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்தவை. நான் அவற்றின் சொந்தக்காரி இல்லை, பார்த்துக்கொள்பவள் மட்டும்தான். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு எப்படிப் புரிந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

சொந்தக்காரர் என் பாட்டியின் தம்பி. ஜாசின் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மின்சார இஞ்சினைக் கவனித்துக்கொண்டவர். அதனால் ஊருக்கு அவர் 'இஞ்சின்காரர்', எங்களுக்கு 'இஞ்சின் தாத்தா'. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த இஞ்சின் ஞாபகம் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு 'டக டக' என்று ஓட ஆரம்பிக்கும், லயங்களில் விளக்கு எரியும். இரவு பத்து அடித்தால் இஞ்சின் நிற்கும், தோட்டமே இருளில் மூழ்கும். அந்த நான்கு மணி நேரத்துக்குள் சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், வானொலியில் நாடகம் என்று எல்லாம் முடிந்தாக வேண்டும். தாத்தாவின் கித்தாரும் அதே கணக்கில்தான் வாசித்தது.

அந்தக் கித்தாருக்கு மின்சாரம் இல்லாவிட்டால் குரலே இல்லை. சாதாரணக் கித்தாருக்கு வயிறு உண்டு, அதனால் தட்டினால் முழங்கும். இது முழுக்கட்டை. கம்பிக்குக் கீழே ஒரு காந்தமும் அதைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. கம்பி அதிரும்போது சுருளில் ஓடும் மெல்லிய மின்சாரத்தை அம்பிளிஃபையர் பெரிதாக்கித் தருகிறது. "பத்து மணிக்கு இஞ்சின நிறுத்திட்டு வந்து, இருட்டுல உக்காந்து வாசிப்பேன் பாப்பா. எனக்கு மட்டும்தான் கேக்கும்" என்பார் தாத்தா. ஊருக்கே விளக்கேற்றியவர் தனக்கென்று வைத்துக்கொண்ட நேரம் அது.

உஜோங் பாசிர் போர்த்துகீசியர் குடியிருப்பில் ஒரு வாத்தியக்காரரிடம் அவர் இதை 1964-இல் பழசாக வாங்கினாராம். விலை அவருடைய மூன்று மாதச் சம்பளம். அப்புறம் திருமண வீடு, கோவில் திருவிழா, தீபாவளி இரவு என்று எங்கே மேடை போட்டாலும் மெல்லிசைக் குழுவின் ஓரத்தில் மடியில் கித்தாரோடு அவர் இருப்பார்.

ஆமாம், மடியில்தான். இந்த வாத்தியத்தை நெஞ்சோடு அணைத்து வாசிப்பதில்லை, குழந்தையைப் போல மடியில் கிடத்தித்தான் வாசிப்பார்கள். வலது கை கம்பியை மீட்டும். இடது கை ஓர் இரும்புத் துண்டைக் கம்பிகள் மேல் வைத்து நகர்த்தும். 'ஸ்டீல் கித்தார்' என்ற பெயர் அந்த இரும்புத் துண்டால் வந்தது, கம்பியால் அல்ல. ஹவாயில் ஜோசப் கெக்குகு என்ற பள்ளி மாணவர் 1889 வாக்கில் இந்த முறையைக் கண்டுபிடித்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இந்தியாவில் பிறந்து கப்பலில் ஹவாய் வந்து சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்பவர் இப்படி வாசித்தார் என்று சொல்பவர்களும் உண்டு. நம் கோட்டுவாத்தியமும் அதே குடும்பம்தானே! மெட்டு இல்லாத வீணையில் கட்டையை வழுக்கி வாசிப்பது. திருவிடைமருதூர் சகாராம ராவ், மைசூர் அரண்மனையில் வாசித்த நாராயண ஐயங்கார், இன்று 'சித்ரவீணை' ரவிகிரண் என்று அதற்கு ஒரு நீண்ட வரிசையே இருக்கிறது.

உலகில் முதன்முதலில் கடைக்கு வந்த மின்கித்தார் எது தெரியுமா? ராக் இசைக்காரர்கள் தோளில் மாட்டும் கித்தார் அல்ல, மடியில் கிடத்தும் இந்த ஹவாய் கித்தார்தான். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் வடிவமைக்க, ரிக்கன்பேக்கர் நிறுவனம் செய்து விற்றது. வட்டமான உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதற்கு 'வாணலி' என்றே பட்டப்பெயர். அந்தக் காலத்தில் ஹவாய் இசைக்குழுக்கள் கப்பலேறி உலகத்தையே சுற்றின. டாவ் மோ என்ற கலைஞர் குடும்பத்தோடு கல்கத்தா வந்து, 1940-களில் பல ஆண்டுகள் அங்கேயே தங்கி வாசித்தார், பலருக்குக் கற்றும் கொடுத்தார். வங்காளத்தில் வீட்டுக்கு வீடு ஹவாய் கித்தார் நுழைந்ததில் அவருக்குப் பங்குண்டு. பிரிஜ் பூஷன் காப்ரா அதில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். 1967-இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா இருவரோடும் சேர்ந்து அவர் வாசித்த 'கால் ஆஃப் த வேலி' இசைத்தட்டு இன்றும் விற்பனையாகிறது. அதே வழியில் வந்த விஸ்வமோகன் பட் 1994-இல் கிராமி விருதே வாங்கினார். நம் பக்கத்து வீடான இந்தோனேசியாவில், நேர்மைக்குப் பேர்போன போலீஸ் தலைவர் ஹூகெங் சொந்தமாகவே ஒரு ஹவாய் இசைக்குழு வைத்திருந்தார்.

இந்த வாத்தியத்தை நம்மவர்கள் விரும்பியதற்குக் காரணம் எளிது. பியானோவில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவத்தான் வேண்டும். இதில் வழுக்கிக்கொண்டே போகலாம். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு வேறென்ன வேண்டும்?

சரி, கதைக்கு வருவோம்.

போன வருடம் தாத்தாவுக்குப் பக்கவாதம். இடது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது அவருடைய கட்டிலுக்கு இடம் வேண்டியிருந்தது. அறையைக் காலி செய்யும்போது கித்தாரும் பெட்டியும் வெளியே வந்தன. செய்தி எப்படியோ பரவி, பழைய இசைக்கருவிகள் சேர்க்கும் ஒருவர் கோலாலம்பூரிலிருந்து வந்து நல்ல விலை சொன்னார். தாத்தா வாய் கோணியபடியே "முடியாது" என்றார். அவர் மகள், எனக்கு அத்தை முறை, என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"அப்பா வேணாங்குறாரு, சரி. அந்தப் பணத்துல ஆறு மாச பிசியோதெரபி ஓடும்மா. வாசிக்கிற கையே போயிடுச்சு. இத யாருக்காக வச்சுக்கணும், சொல்லு."

எனக்குப் பதில் தெரியவில்லை. வாசகர்களே, பழம்பொருளைக் காப்பாற்றுவது பற்றி மேடையில் பேசுவது சுலபம். மாதாமாதம் மருத்துவச் செலவைச் சுமப்பவரிடம் பேசிப் பாருங்கள். அத்தை கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. கடைசியில், தெரபி செலவில் ஒரு பங்கை மாதாமாதம் நான் தருவது என்றும், கித்தாரும் பெட்டியும் என்னிடம் இருப்பது என்றும் முடிவானது. தாத்தா போட்ட நிபந்தனை இரண்டே: "விக்காத. பூட்டி வைக்காத." நான் தரும் பணத்தைக் கித்தாருக்குக் கட்டும் வாடகை என்று நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்து நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஊடகப் படிப்பில் ஒலிப்பதிவைப் பாடமாகவே படித்தவள் நான். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே ஒரு மாற்று பிளக்கை மாட்டி சுவிட்சைப் போட்டேன். 'டப்' என்று ஒரு சத்தம். அதோடு மௌனம்.

கையெல்லாம் நடுங்க, மலாக்கா பட்டணத்தில் பழைய வானொலி பழுது பார்க்கும் சீனப் பெரியவர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் பெட்டியின் முதுகைத் திறந்து பார்த்துவிட்டு, "இது ஜப்பான் பெட்டி. நூறு வோல்ட். நீ இருநூற்று நாற்பது கொடுத்திருக்கிறாய். இதோடு ஒரு கனமான இரும்புப் பெட்டி இருந்திருக்குமே, எங்கே?" என்று மலாயில் கேட்டார். இருந்தது. வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர். ஏதோ பழைய இரும்பு என்று நினைத்து அத்தை வீட்டுக் கொல்லையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்! நல்ல வேளை, தாத்தா சரியான அளவில் போட்டு வைத்திருந்த சின்னக் கண்ணாடி ஃபியூஸ் தான் கருகி மற்றதைக் காப்பாற்றியிருந்தது. அன்றைக்குக் காவல் காத்தது நானல்ல, அந்த ஃபியூஸ்.

பெரியவர் வேலையைத் தொடங்குமுன் எனக்குப் பாடம் நடத்தினார். பல வருடம் தூங்கிய வால்வு அம்பிளிஃபையரை ஒரேயடியாக எழுப்பக் கூடாது. உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் காய்ந்திருக்கும். முழு மின்சாரமும் பாய்ந்தால் அவை வெடிக்கலாம், டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும், அதனால் தெரியாதவர்கள் உள்ளே கைவிடவே கூடாது. மின்தேக்கிகளையும் ஃபியூஸையும் மாற்றி, பழைய இரண்டு கால் பிளக்குக்குப் பதில் நிலக்கம்பியோடு மூன்று கால் பிளக் போட்டார். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பொட்டலமாகக் கட்டி என்னிடமே கொடுத்தார். வால்வுகளும் ஒலிபெருக்கியும் பழையவையே. பிறகு ஒரு சாதாரண குண்டு பல்பைத் தொடரில் இணைத்து, அதன் வழியாக மின்சாரத்தைக் கொஞ்சமாக அனுப்பினார். "பெலான்-பெலான்" என்றார். மெதுவாக, மெதுவாக. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது. வால்வுகளுக்குள் ஆரஞ்சு நிறம் ஏறியது. ஒலிபெருக்கியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு ஜாசினுக்குப் போகிறேன், இரும்புப் பெட்டியையும் மறக்காமல். வாசிக்க எனக்குத் தெரியாது. தாத்தாவுக்கு ஒரு கைதான். அதனால் கித்தாரை அவர் மடியில் கிடத்தி, இடது பக்கம் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்துகொள்கிறேன். அவர் வலது கையால் மீட்டுவார், நான் இரும்புத் துண்டை நகர்த்துவேன். முதல் நாள் கேட்க சகிக்கவில்லை, பூனைச் சண்டை மாதிரி இருந்தது. அத்தை வாசலுக்கே போய்விட்டார்.

"கோட்ட பாக்காத பாப்பா. காதால போ" என்றார் தாத்தா. கட்டையில் வரைந்த கோடுகள் வழிகாட்ட மட்டும்தான். சுரம் எங்கே நிற்கிறது என்று காதுதான் சொல்ல வேண்டுமாம். நாலாவது மாதம் ஒரு பழைய சினிமாப் பாட்டின் பல்லவி முழுசாக வந்தது. வாசலிலிருந்து அத்தை உள்ளே வந்து, கதவோரம் நின்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. கோப்பி கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். போன மாதம் தாத்தா தன் இடது கையை வலது கையால் தூக்கி, இரும்புத் துண்டைப் பிடித்திருந்த என் கைமேல் வைத்தார. அந்தக் கையில் பலம் இல்லை, கனம் மட்டும்தான். ஆனாலும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அந்தக் கனம் சொன்னது.

தாத்தா வேலை பார்த்த தோட்டத்தில் இன்று ரப்பர் இல்லை, செம்பனைதான். லயங்களும் இஞ்சின் கொட்டகையும் போய்விட்டன. அங்கே இரவு பத்து மணிக்கு விளக்கு அணையும் என்று சொன்னால் என் மகள் நம்பவே மாட்டேன் என்கிறாள். அவளையும் அடுத்த முறை கூட்டிப் போகப் போகிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். ஹார்மோனியம், கிராமபோன், வால்வு வானொலி, எதுவாகவும் இருக்கட்டும். தயவுசெய்து உடனே சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். தகரக் கூரைக்கு அடியிலோ ஈரச் சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றாவது இருக்கட்டும். பக்கத்தில் கிடக்கும் துருப்பிடித்த இரும்பையும் என்னவென்று தெரியும்வரை வீசாதீர்கள். முக்கியமாக, அதை வாசித்தவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் அவர் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எங்கே வாங்கினார், என்ன விலை, எந்த மேடை என்று எல்லாவற்றையும் கேளுங்கள். நான் இதுவரை பதிவு செய்திருப்பது மூன்று மணி நேரம்.

அத்தை சமையலறையில் கேட்ட கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது. மாதாமாதம் வாடகை கட்டும்போது அது ஞாபகம் வரும். வரட்டும்.

அடுத்த வாரம் சந்திப்போம், வாசகர்களே. (பாருங்கள், இந்த முறை சரியாகச் சொல்லிவிட்டேன்!)