ஒரே கிழங்கை நம்பி...

எங்க ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு உருளைக்கிழங்குன்னா கொள்ளைப் பிரியம். காலையில பூரி மசால், மதியம் பொரியல், ராத்திரி சப்பாத்திக்கு குருமா... மூணுலயும் அதே கிழங்கு! 'மெனுவை மாத்துங்க'ன்னு வார்டனுக்கு எழுதின பெட்டிஷன்ல 80 பேர் கையெழுத்துப் போட்டாச்சு. "உலகத்துல வேற எவனாவது இப்படிக் கிழங்கு தின்னே காலம் தள்ளியிருப்பானா?"ன்னு ரூம்மேட் புலம்ப, லைப்ரரியில தேடினேன். சிக்கியது அயர்லாந்து!

ஆச்சர்யம் என்னன்னா, ஆரம்பத்துல அங்கே உருளைக்கிழங்கே கிடையாது. மாடுதான் சொத்து. ஆனா, அதை வெட்டிச் சாப்பிடுறது குறைவு. பால், மோர், தயிர், வெண்ணெய், கூடவே ஓட்ஸ், பார்லி... இதுதான் சாப்பாடு. அப்போ சதுப்பு நிலத்துல புதைச்சு வெச்ச வெண்ணெய், இன்னிக்கும் தோண்டும்போது கட்டி கட்டியா கிடைக்குது! அந்தக் காலச் சட்டத்துல கஞ்சிக்கும் ரேங்க் உண்டு பாஸ். வேற வீட்டுல விட்டு வளர்க்கிற பிள்ளைகள்ல, சாதாரண வீட்டுப் பிள்ளைக்குத் தண்ணியிலயோ மோர்லயோ காய்ச்சின கஞ்சி, உப்பு வெண்ணெய். பிரபு வீட்டுப் பிள்ளைக்குப் புதுப் பால், புது வெண்ணெய். ராஜா பிள்ளைக்குத் தேன்!

16-ம் நூற்றாண்டின் கடைசியிலதான் தென் அமெரிக்காவோட உருளைக்கிழங்கு அங்கே வந்து இறங்குது. நல்ல நிலமெல்லாம் பண்ணையார்கள் கையில. விளைஞ்ச தானியம் குத்தகைக்கே போயிடும். ஏழைக்கு மிஞ்சினது துண்டு நிலம். அதுல குடும்பத்துக்கே வயித்தை நிரப்பினது இந்தக் கிழங்குதான். ஒரு கூலித் தொழிலாளி ஒரு நாளைக்கு 5 கிலோவுக்கு மேல சாப்பிட்டிருக்கார். தொட்டுக்க மோர். ருசி எப்படியோ, சத்துக்குக் குறைவில்லை.

வில்லங்கம் எங்கேன்னா, பெரும்பாலான ஏழைகள் போட்டது 'லம்ப்பர்'ங்கிற ஒரே ரகம். கிழங்கை வெட்டி நட்டே பயிர் பண்றதால, எல்லாச் செடியும் ஜெராக்ஸ் காப்பி. எங்க இன்ஜினீயரிங் பாஷையில 'பேக்-அப் இல்லாத சிஸ்டம்'. 1845-ல கருகல் நோய் வந்துச்சு. மண்ணுக்குள்ள இருந்த கிழங்கு அப்படியே அழுகிப் போச்சு. அடுத்தடுத்த வருஷங்களும் அடி. பசியிலயும் நோயிலயும் செத்தவங்க ஏறக்குறைய 10 லட்சம் பேர். அதைவிட அதிகமான பேர் ஊரைவிட்டே கப்பல் ஏறிட்டாங்க. 1841-ல 81 லட்சத்தைத் தாண்டியிருந்த ஜனத்தொகை, 1851-ல சுமார் 65 லட்சம்!

என்னைத் தூங்கவிடாத விஷயம் இனிமேதான். அதே வருஷங்கள்ல ஓட்ஸும் வெண்ணெயும் மாடுகளும் அயர்லாந்துல இருந்து இங்கிலாந்துக்குக் கப்பல்ல போயிட்டேதான் இருந்துச்சு. சாப்பாடு இருந்தது, வாங்கக் காசுதான் இல்லை. 1847 கோடையில கஞ்சித் தொட்டி திறந்து, தினம் 30 லட்சம் பேர் வரைக்கும் ஊத்தினாங்க. சில மாசத்துல அதையும் இழுத்து மூடிட்டாங்க. லண்டன்ல உட்கார்ந்து நிவாரணச் செலவை இறுக்கிப் பிடிச்ச கருவூல அதிகாரி பேர் சார்லஸ் ட்ரெவெல்யன். 1859-ல அவர் வந்து இறங்கின இடம் எது தெரியுமா? நம்ம சென்னை... கவர்னரா! சென்ட்ரல் பக்கத்துல இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் காலத்து ஏற்பாடுதான்.

மறுநாள் மெஸ்ல தட்டோட உட்கார்ந்தப்போதான் கவனிச்சேன். நாங்க வேண்டாம்னு ஒதுக்கின பொரியல் பக்கெட் பக்கெட்டா குப்பைக்குப் போகுது. பரிமாறுற அண்ணன்கள் கடைசியில உட்கார்றாங்க. அவங்களுக்கு மிஞ்சினது சோறும் மோரும்தான். பொரியல் தீர்ந்துபோச்சாம்!

பெட்டிஷனை வாங்கி இன்னொரு வரி சேர்த்தேன்: 'பரிமாறும் அண்ணன்களுக்கும் எங்கள் மெனுவே, முதலிலேயே எடுத்து வைக்கப்பட வேண்டும்.' "மெஸ் பில் ஏறிடும்டா"ன்னு 17 பேர் கையெழுத்தை வாபஸ் வாங்கிட்டாங்க. ரூம்மேட் வாங்கலை. இப்போ நாங்க ரெண்டு பேரும் ரூம் ரூமா ஏறி இறங்கிட்டு இருக்கோம்.

ஸ்கோர் 63. அடுத்த வாரம் சொல்றேன்!