கம்பி கட்டாத கான்கிரீட்: வீட்டுக்கு ஒத்துவருமா?

வீடு கட்டுபவருக்குக் கம்பி விலையைக் கேட்டாலே பகீர் என்கிறது. இந்த நேரத்தில், "கம்பியே வேண்டாம், ஸ்டீல் ஃபைபர் கலந்தால் போதும்" என்று யாராவது சொன்னால், காதைத் தீட்டிக்கொண்டு கேட்கத்தான் தோன்றும்.

ஸ்டீல் ஃபைபர் என்பது விரல் நீளம்கூட இல்லாத மெல்லிய எஃகு இழை. பல வகைகளில் இரு முனையும் கொக்கிபோல வளைந்திருக்கும். தரை போடும்போது ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குச் சுமார் 25 முதல் 40 கிலோ வரை கலப்பார்கள். மண்சுவருக்கு வைக்கோலைப் போட்டு மிதிப்பார்களே, அதே யோசனைதான். விரிசல் விழும்போது, குறுக்கே கிடக்கும் இழைகள் இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும்.

லண்டனில் 2022-ல் திறக்கப்பட்ட எலிசபெத் லைன் ரயிலுக்காக, ஊருக்கு அடியில் 21 கி.மீ. நீளத்துக்கு இரட்டைச் சுரங்கம் குடைந்தார்கள். வளைந்த கான்கிரீட் துண்டுகளை முன்கூட்டியே வார்த்து, வளையமாகப் பூட்டியதுதான் அதன் சுவர். பெரும்பாலான துண்டுகளில் கம்பிக்கூடு இல்லை, இழைதான். சுற்றிலும் மண் நெருக்குவதால் வளையம் பெரும்பாலும் அமுங்கியே இருக்கும். அமுக்கத்தைத் தாங்குவதில் கான்கிரீட் கில்லாடி. இழுத்தால்தான் விரிசல் விடும். தூக்கிப் பொருத்தும்போது உடைவது ஓரமும் மூலையும்தான். துருவுக்குப் பயந்து கம்பியை உள்ளே தள்ளித்தான் வைக்க முடியும். இழையோ விளிம்புவரை இருக்கும்.

வீட்டு மாடித் தளத்தின் கதையே வேறு. பாரம் ஏறினால் நடுப்பகுதியில் அதன் அடிப்பக்கம் இழுபடும். கம்பியை அதே இடத்தில், அதே திசையில் கட்டுவார்கள். இழையோ எல்லாப் பக்கமும் சிதறிக் கிடக்கும். அந்த இழுவையைத் தாங்கக் கைகொடுப்பது கொஞ்சம்தான். வெளிநாடுகளில் இழையை மிக அதிகமாகக் கலந்து மாடித் தளமும் போட்டிருக்கிறார்கள். அங்கேயும் பாதுகாப்புக்காகத் தூணுக்குத் தூண் கொஞ்சம் கம்பி ஓடும்.

ஆகவே பில்லர், பீம், மாடித் தளத்தில் யார் சொன்னாலும் கம்பியை விடாதீர்கள். கார் நிறுத்தும் இடம், குடோன் என மண்மேல் உட்காரும் தரைக்கு, கம்பி வலைக்குப் பதிலாக இழை சரிவருமா என்று பொறியாளரிடம் கேட்கலாம். போடுவதானால் கலவையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மொத்தமாகக் கொட்டினால் இழைகள் குருவிக்கூடு மாதிரி சுருண்டுவிடும். அதனால்தான் சில வகைகள் ஸ்டேப்ளர் பின்போல ஒட்டி வருகின்றன. மிக்ஸரில் தண்ணீர் பட்டதும் பிரிந்துவிடும். மேலே துருத்தும் இழை துருப்புள்ளி வைக்கும், வெறுங்காலில் குத்தும். குழந்தைகள் ஓடும் இடமென்றால் மேலே டைல்ஸ் ஒட்டிவிடுங்கள்.