ஆறு ஆறு ஆறு

லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒருவன் புதுக் கருவியைச் செருகுகிறான். "உனக்கு அனுமதி இல்லை" என்கிறது யந்திரம். உடனே ஒரு நிபுணர் உபதேசிக்கிறார்: "சிஹெச்மாட் 666 போடு!" உடையவன், அவன் குழு, மற்ற ஊரார் என்ற மூவருக்கும் படிக்க நான்கு, எழுத இரண்டு, ஆக மூன்று ஆறு. கதவு திறக்கிறது. கருவியைக் கழற்றி மறுபடி செருகினால் பழைய கதைதான்.

இதற்காக யந்திரத்தைத் திட்டுவது அநியாயம். 'டெவ்' டைரக்டரியில் உள்ள கருவி பைல்கள் டிஸ்கில் எழுதி வைத்தவை அல்ல. கருவி வந்ததும் மெமரியில் பிறந்து, போனதும் மறைபவை. நேற்றுச் செத்ததற்குக் கொடுத்த சலுகை இன்று பிறந்ததற்கு எப்படி வரும்? பிறக்கும்போதே உரிமையை நிர்ணயிக்க, 2003இல் வந்த யூடெவ் இருக்கிறது. அதன் விதிகளுக்குரிய இடத்தில் ஒரு வரி எழுதினால், கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினாலும் நிலைக்கும்.

என் சண்டை இங்கேதான். அந்த நிரந்தர வரியிலும் நம்மவர்கள் அதே 666ஐ எழுதுகிறார்கள்! "'ஹிட்ரா' என்று தொடங்கும் எல்லாவற்றுக்கும் 666" என்பது ஊரெல்லாம் கைமாறும் மந்திரம். ஐயா, உங்கள் யூஎஸ்பி கீபோர்டும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதைப் படிக்க முடிந்தவன் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகப் படிப்பான். அன்றோடு அழிந்துகொண்டிருந்த தவறு, இனி ஒவ்வொரு காலையும் தானே உயிர்த்தெழும்.

"வீட்டுக் கம்ப்யூட்டர், நான் ஒருவன்தானே?" என்பார்கள். ஒருவனா? அச்சு வேலைக்கும் இணைய வேலைக்குமான புரோகிராம்கள் தனித்தனிப் பெயரில் உள்ளே குடியிருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஓட்டை விழுந்தால், அதன் வழியே நுழைந்தவனும் ஊராரில் ஒருவன்தான்.

நேர்வழி கடினமா? கருவியின் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் எல்எஸ்யூஎஸ்பி காட்டிவிடும். அந்த இரண்டையும் விதியில் குறித்து, உரிமையை 660 ஆக்கி, ஒரு குழுவின் பெயரை எழுதுங்கள். அந்தக் குழுவில் சேர்ந்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள். சிஸ்டம்டி இருந்தால் குழுவும் வேண்டாம். 'யூஆக்ஸஸ்' என்ற சீட்டு போதும். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து நுழைந்திருப்பவனுக்கு மட்டும் அனுமதி கிடைக்கும். ஆனால் அந்த விதி பைலின் பெயர் 73க்குக் குறைந்த எண்ணில் தொடங்க வேண்டும்.

நிரந்தரம் என்பது பெரிய வார்த்தை. அதை எழுதுமுன், எந்தக் கருவி, யாருக்கு என்று இரண்டு கேள்வி கேட்க வேண்டாமா? சோம்பேறித்தனத்துக்குத் தாராள மனசு என்று பெயர் வைப்பதை இனியாவது நிறுத்துங்கள்.