இரண்டு விநாடித் தொழில்

நாம் ஒரு முறை கண்ணிமைத்து மறு முறை இமைப்பதற்குள், ஒரு மோட்டார் வண்டியின் நான்கு சில்லுகளையும் கழற்றிப் புதியவற்றைப் பூட்டிவிட முடியுமா? முடியும் என்று காட்டியிருக்கின்றனர் போர்முலா வண் பந்தய ஊழியர். 2023 ஆம் ஆண்டு கட்டாரில் நடைபெற்ற பந்தயத்தில் மக்லாரன் குழுவினர் இவ்வேலையை 1.80 விநாடியில் முடித்தனர்.

பந்தயம் என்றதும் நம் பிள்ளைகள் சாரதியின் பெயரைச் சொல்வர். அவருக்காக உழைக்கும் ஏறக்குறைய இருபது ஊழியரின் பெயரை எவரும் வினவுவதில்லை. ஆதலின் அன்னாரின் தொழிலைச் சிறிது நோக்குவோம்.

ஓடுபாதையை அடுத்துப் 'பிட்' எனப்படும் தரிப்பிடம் உண்டு. வண்டி வருமுன்னரே ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் ஆயத்தமாக நிற்பர். சில்லு ஒன்றுக்கு மூவர். ஒருவர் காற்றழுத்தத் துப்பாக்கியால் நடுவிலுள்ள ஒற்றை நட்டைக் கழற்றுவார்; ஒருவர் பழைய சில்லை இழுத்தெடுப்பார்; மற்றவர் புதியதைப் பொருத்துவார்; உடனே முதல்வர் நட்டை இறுக்குவார். முன்னும் பின்னும் ஜக் கொண்டு வண்டியைத் தூக்குவோர் இருவர்; ஆடாது பக்கங்களிற் பிடிப்போர் இருவர். முன் ஜக்கை ஏந்தியவர், தம்மை நோக்கி விரைந்து வரும் வண்டிக்கு நேரெதிரே அசையாது நிற்றல் வேண்டும். இவர்களுட் பலர், அவ்வண்டியைப் பூட்டிச் செப்பனிடும் மெக்கானிக்குகளே ஆவர்.

இத்தொழிலில் நேரும் பிழை ஒருவரோடு நில்லாது. 1991 ஆம் ஆண்டு போர்த்துக்கலில், நட்டுச் சரியாகப் பூட்டப்படாமையால், தரிப்பிடத்தை விட்டுப் புறப்பட்டவுடனேயே நைஜல் மான்செலின் வண்டிச் சில்லொன்று கழன்றோடியது. அவ்வாண்டின் உலகப் பட்டம் அயர்ட்டன் செனாவுக்குச் சென்றது. 2018 இல் பஹ்ரேனில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. பெராரி வண்டியின் பின்சில்லு ஒன்று மாற்றப்படாதிருக்கவே, புறப்படலாம் என்று பச்சை விளக்கு எரிந்தது. விளக்கை நம்பிச் சாரதி வண்டியைச் செலுத்தினார். சில்லின் அருகே நின்ற ஊழியரின் கால் முறிந்தது. விரைவு அளவு கடத்தலாகாது என்பதை உணர்ந்த சர்வதேச மோட்டார் விளையாட்டுச் சம்மேளனம், 2021 இல், சில்லுப் பூட்டுதலுக்கும் வண்டியை இறக்குதலுக்கும் இடையே சிறு இடைவெளியேனும் இருத்தல் வேண்டுமென விதித்தது.

இனி, பந்தயக் களத்துக்கு அப்பாற்பட்ட ஒரு பயனைக் கூறுவோம். இலண்டனிலுள்ள கிரேற் ஓர்மண்ட் ஸ்ரீற் சிறுவர் மருத்துவமனையில், இருதய சத்திரசிகிச்சை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவினரிடம் ஒப்படைக்கும் வேளை மிகவும் ஆபத்தானது. குழாய்களையும் கருவிகளையும் மாற்றிப் பூட்டுதல் வேண்டும். குழந்தையின் நிலையையும் தெளிவாக எடுத்துரைத்தல் வேண்டும். பலரும் ஒருங்கே பேசினால் ஏதேனும் விடுபட்டுப்போகும். அங்குள்ள மருத்துவர் பந்தயக் குழுவினரின் ஒழுங்கைக் கண்டு வியந்து, பெராரி குழுவினரை நாடி ஆலோசனை பெற்றனர். தலைவர் இன்னார், எவரெவர் எச்செயல் செய்வர், எவ்வேளையிற் பேசுவர் என்பவற்றை வரையறுத்துக்கொண்டனர். ஒப்படைப்பில் நேரும் பிழைகள் குறைந்தன என்பதை 2007 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சில்லுப் பூட்டுவோரின் ஒழுங்கு குழந்தைகளின் உயிருக்குக் காவலாயிற்று.

நம்மிடையே, பிள்ளை கராச்சில் வேலை பழக விரும்பினால் முகஞ்சுளிக்கும் பெற்றோர் இன்றும் உளர். கையில் எண்ணெய் படியும் தொழில் அறிவுக்குரியதன்று என்பது அவர்தம் எண்ணம். அவர்களும் நாள்தோறும் பஸ் வண்டியில் ஏறுகின்றனர். யாரோ ஓர் இளைஞன் இறுக்கிய நட்டை நம்பியே தம் குடும்பத்தையும் உடன் ஏற்றுகின்றனர். அவ்விளைஞன் தன் வேலையை இருமுறை சரிபார்க்கும் பழக்கமுடையவனாயின், அவன் கற்றது பெருங்கல்வியே. தொழில் பழக விரும்பும் மாணவனும் அவன் பெற்றோரும் இதனைச் சிந்திப்பாராக.