மகனைத் தேடும் தாயிடம் பெறப்படும் கையெழுத்து: தாதியர் ஆய்வும் சம்மதமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓய்வுபெற்ற தாதி என்ற வகையில், தாதியர் பட்டப்படிப்பு மாணவி ஒருவரின் ஆய்வுக்கு உதவியாக வன்னிக் கிராமமொன்றுக்குச் சென்றிருந்தேன். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் தூக்கமின்மை பற்றிய வினாக்கொத்து அது. சம்மதப் படிவத்தை முழுவதுமாக வாசித்துக் காட்டினோம். அமைதியாகக் கேட்டிருந்த அம்மா ஒருவர் பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டார்: "மிஸி, இதில கையெழுத்து வைச்சா என்ர மகன்ர விசயம் ஏதும் தெரியவருமோ?"

படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். அவர் கையெழுத்திட்டிருந்தால் விதிமுறைப்படி அது சம்மதம். உண்மையில் அது சம்மதமல்ல.

அந்த அம்மாவின் கேள்வியில் எந்த அறியாமையும் இல்லை. 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் வந்த பரணகம ஆணைக்குழு, 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று எத்தனையோ இடங்களில் எமது தாய்மார் படிவம் நிரப்பிவிட்டார்கள். படிவம் என்றாலே பிள்ளை என்று அவர்கள் நினைப்பது இயல்பு. செம்மணியில் 2025 இல் இருநூறுக்கும் மேற்பட்ட மனித என்புத்தொகுதிகள் அடையாளம் காணப்பட்ட பின்னர் இந்த விடயம் இன்னும் கனமாகியிருக்கிறது. இன்று ஒரு தாதி நீரிழிவு ஆய்வுக்கென்று இரத்த மாதிரி கேட்டாலும், அது எதற்கென்று அந்தத் தாய் நினைப்பார்?

நியூரம்பேர்க் நெறிக்கோவை 1947 இலும் ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964 இலும் வந்தன. சுயவிருப்பான சம்மதம் இரண்டுக்கும் அடிப்படை. ஆனால் தாதியரிடம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மக்கள் எங்களை நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் டஸ்கிகீ ஆய்வு சாட்சி. 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்கள் சிகிச்சையின்றி அவதானிக்கப்பட்டார்கள். பென்சிலின் அந்நோய்க்கான மருந்தாக நிலைபெற்ற பின்னரும் அவர்களுக்கு அது வழங்கப்படவில்லை. அத்தனை காலமும் அவர்களை அந்த ஆய்வோடு பிணைத்து வைத்திருந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினத் தாதி. அவர் அவர்களைக் காரில் ஏற்றிச் சென்றார், வீடு தேடிப்போய் நலம் விசாரித்தார். மக்கள் வைத்தியர்களை விட அவரையே நம்பினார்கள்.

எங்களுடைய ஆய்வுகளை டஸ்கிகீயோடு ஒப்பிடுவது என் நோக்கமல்ல. மருந்து கட்டும் கையே படிவத்தையும் நீட்டும்போது மறுப்பது கடினம் என்பதைத்தான் சொல்கிறேன். "மாட்டேன் என்றால் அடுத்த கிளினிக்கில் மிஸி முகம் சுழிப்பாவோ" என்ற பயம் போதும். பயத்தில் வரும் பதில் ஆய்வுக்கும் உதவாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள், தகவல் யாரிடம் போகும் என்று யோசித்துப் பேசப் பழகிய சமூகம் இது. "நித்திரை வருகுதோ?" என்று மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். ஒழுக்கநெறி பிழைத்தால் தரவும் பிழைக்கும்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் ஆய்வாளர்கள் இலங்கையில் குவிந்தபோது எழுந்த ஒழுக்கநெறிக் கேள்விகளை, அதுல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் 2005 இல் லான்செட் சஞ்சிகையில் எழுதினார்கள். போருக்குப் பிந்திய வடக்கு கிழக்கிலும் அதே கேள்விகள் இருக்கின்றன.

சில விடயங்களை உடனேயே செய்யலாம். சிகிச்சை தரும் தாதியே சம்மதம் பெறக்கூடாது. யோசிக்க ஒரு நாளாவது கொடுக்க வேண்டும். பெயரை நீக்கினால் மட்டும் அடையாளம் மறையாது. "இரு பிள்ளைகள் காணாமல் ஆக்கப்பட்ட, 61 வயதுத் தாய்" என்று கிராமத்தின் பெயரோடு எழுதினால் ஊருக்கே ஆளைத் தெரியும். அழுகை வந்தால் கேள்வியை நிறுத்தி உளவளத்துணைக்கு அனுப்பும் ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும். முடிவுகளை அந்த ஊருக்கே திரும்பிப் போய்த் தமிழில் சொல்ல வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒன்று: யார் கேட்கிறார்கள், எதற்கு, எங்கே வைத்திருப்பார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. இடையில் விலகினாலும் உங்கள் சிகிச்சை குறையக்கூடாது.

அந்த மாணவி பின்னர் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியோடு படிவத்தின் முதல் வரியை மாற்றினார்: "இந்த ஆய்வால் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் பற்றிய எந்தத் தகவலும் கிடைக்காது." அதை வாசித்துக் காட்டியபோது சிலர் எழுந்து போனார்கள். அந்த அம்மா போகவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, கேளுங்கோ" என்றார்.