ஐன்ஸ்டீன் தப்பிச்ச எக்ஸாம்!

‘ஒளி நேர்கோட்டில் செல்லும்’னு ஸ்கூல்ல எழுதி ஃபுல் மார்க் வாங்கினவரா நீங்க? கொஞ்சம் பொறுங்க பாஸ்... சூரியன் மாதிரி ஒரு வெயிட் பார்ட்டியை உரசிக்கிட்டுப் போனா, லைட்டும் லேசா வளைஞ்சுதான் போகும்!

இதுக்கு 1911-ல் ஐன்ஸ்டீன் சொன்ன கணக்கு, 0.83 ஆர்க் செகண்ட். ஒரு டிகிரியை 3,600 துண்டு போட்டா, அதுல ஒண்ணுதான் ஒரு ஆர்க் செகண்ட். இத்தனூண்டு வளைவை எப்படி அளக்கறது? முழு சூரிய கிரகணத்தப்போ, சூரியனை ஒட்டித் தெரியற நட்சத்திரங்களை போட்டோ எடுக்கணும். சூரியன் அந்தப் பக்கம் இல்லாத மாசத்துல, ராத்திரி எடுத்த போட்டோவோட ஒப்பிடணும். நட்சத்திரம் இடம் மாறித் தெரிஞ்சா... லைட் வளைஞ்சிருக்கு!

1914 ஆகஸ்ட் 21 கிரகணத்தைப் படம் பிடிக்க, எர்வின் ஃப்ராய்ண்ட்லிஷ் என்ற ஜெர்மன் வானியலாளர் அப்போ ரஷ்யா வசம் இருந்த கிரிமியாவுக்குக் கிளம்பிப் போனார். அந்த நேரம் பார்த்து முதல் உலகப் போர்! ‘எதிரி நாட்டுக்காரர்’னு பிடிச்சு உள்ளே வெச்சுட்டாங்க. கருவிகளும் பறிமுதல்.

இங்கேதான் மேட்டரே இருக்கு. அன்னிக்கு மட்டும் சரியா அளந்திருந்தா, ஐன்ஸ்டீன் ஃபெயில்! ஏன்னா, சூரியன் பக்கத்துல நேரம் மெதுவா ஓடுறதை மட்டும்தான் அவர் கணக்குல சேர்த்திருந்தார். 1915-ல் தியரி முழுசானப்போ, அங்கே ஸ்பேஸும் வளைஞ்சிருக்குன்னு தெரிஞ்சது. ரெண்டையும் கூட்டினா விடை டபுள்... சுமார் 1.75.

போர் ஓய்ஞ்சு, 1919 மே 29-ல் அடுத்த சான்ஸ். பிரிட்டிஷ் விஞ்ஞானி எடிங்டன் ஆப்பிரிக்கா பக்கம் இருக்கிற பிரின்சிப் தீவுக்கும், இன்னொரு டீம் பிரேசில்ல இருக்கிற சோப்ராலுக்கும் போனாங்க. பிரின்சிப்ல 1.61, சோப்ரால்ல 1.98. ஃபோகஸ் போன ஒரு டெலஸ்கோப் 0.93 காட்ட, அதை ஒதுக்கிட்டாங்க. ‘அது எப்படி ஒதுக்கலாம்?’னு பின்னாடி சர்ச்சை கிளம்பினாலும், ரேடியோ டெலஸ்கோப் அளவீடுகள் 1.75-ஐ உறுதிப்படுத்திடுச்சு.

விடையைப் பார்த்துட்டு ரீடிங் எழுதற நம்ம லேப் ரெக்கார்டு டெக்னிக் இங்கே வேலைக்கு ஆகாது. ஐன்ஸ்டீன் ரெண்டு தடவையும் நம்பரை முதல்ல சொல்லிட்டு, ‘அளந்து பாருங்க’ன்னார். தப்புன்னா மாட்டிக்கத் தயாரா இருந்தார். என்ன, முதல் தடவை மாட்டினது ஃப்ராய்ண்ட்லிஷ்!